கெமர் மரபிசையைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்த: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவில் ஆசிரியராக இருப்பவர்கள், குடும்பத்தோடு நோம் பென்னில் குடியேறியவர்கள், மாணவர்களை அங்கோரின் பழைய கோயில்களுக்குக் கூட்டிப் போகத் திட்டமிடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்தக் கேள்வி பதில் எழுதப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கம்போடியாவின் பெரும்பான்மை மக்களான கெமர்களின் இசையை எப்படித் தொடங்கி வைப்பது என்பதுதான் பேச்சு. கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பதை அறிமுகம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை முதலில் காதால் தாளத்தைப் பிடிக்கட்டும். பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கெமர் மரபிசை என்றால் எதைச் சொல்கிறோம்?

ஒரே ஒரு இசையை அல்ல. எந்தச் சடங்குக்கு, எந்த இடத்துக்கு என்பதைப் பொறுத்துக் குழுவும் கருவிகளும் மாறும். புத்த விகாரை, அரச நடனம், முகமூடி நாடகம், தோல் நிழற்கூத்து இவற்றுக்கெல்லாம் பின்பியட் குழு வாசிக்கும். விருந்து, பொழுதுபோக்கு என்றால் மஹோரி. கல்யாணத்துக்கு ப்ளெங் கார். ஊர்க்காவல் ஆவிகளை அழைக்கும் சடங்குக்கு ஆரக் இசை. இவை தவிர, நீண்ட கழுத்துள்ள சாபெய் என்ற தந்திக் கருவியை மீட்டிக்கொண்டே கதை சொல்லும் மரபு உண்டு. ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடும் ஆயாய் உண்டு. நீள முரசுகளோடும் முகமூடிகளோடும் ஊர்வலமாக ஆடி வரும் ச்சாயாம் உண்டு.

பிள்ளைகளுக்கு இவற்றில் எது முதலில் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் ச்சாயாம் என்று சொல்லலாம். சத்தம், சிரிப்பு, கோமாளித்தனம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கம்போடியாவில் வளரும் பிள்ளைக்கு மிகப் பழகிய ஒலி கல்யாண இசைதான். மழை முடிந்து கல்யாண மாதங்கள் தொடங்கிவிட்டால் தெருவை மறித்துப் பந்தல் போட்டு, விடியும் முன்பே ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார்கள். மணமக்களின் முடியை வெட்டுவது போலப் பாவனை செய்யும் சடங்குக்கு ஒரு பாட்டு, அடுத்த சடங்குக்கு வேறொரு பாட்டு என்று வரிசை உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் "உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன கேட்டது?" என்று அவர்களிடம் கேட்டே பாடத்தைத் தொடங்கலாம். அந்த இடத்தில் அவர்கள்தான் நமக்கு ஆசிரியர்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

கேட்பதற்கும் கைதட்டுவதற்கும் வயது வரம்பு கிடையாது. கருவியில் உட்கார வைக்க ஏழெட்டு வயது சரியாக இருக்கும். ஸ்ரலாய் என்ற ஊதுகருவியை மட்டும் தள்ளிப் போடுங்கள். மூச்சை நிறுத்தாமல் சுழற்றி ஊதும் பயிற்சி அதற்குத் தேவை.

முதல் வகுப்பில் என்ன செய்வது?

ச்சிங் மட்டும் போதும். நம் ஜால்ரா போன்ற, கயிற்றால் கட்டிய ஒரு ஜோடிச் சிறு வெண்கலக் கிண்ணங்கள் அவை. பெரும்பாலான கெமர் குழுக்களில் தாளம் பிடிப்பது இதுதான். இரண்டே ஒலிகள். கிண்ணங்களை உரசித் திறந்து விட்டால் "ச்சிங்" என்று நீளும். மூடி அழுத்தினால் "ச்செப்" என்று அடங்கும்.

சரி, இதில் என்ன பெரிய பாடம்? மேற்கத்திய முறையில் இசை படித்த பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும்போது ஒன்றில் அழுத்தம் கொடுக்கும். கெமர் இசையில் அழுத்தம் கடைசியில் வந்து விழுகிறது. "ச்சிங்" வழிநடத்திப் போகும், "ச்செப்" வந்து முடிக்கும். அதாவது இரண்டிலும் நான்கிலும்தான் கை மூடும். அந்த நான்கில்தான் மெட்டு போய்ச் சேர வேண்டிய ஸ்வரம் இருக்கும். வாசிப்பவர்கள் நடுவில் எப்படி அலைந்தாலும் அந்த இடத்தில் எல்லோரும் கூடிவிடுவார்கள்.

இதை விளக்கிச் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. செய்ய வையுங்கள். "ச்சிங்" வரும்போது உள்ளங்கைகளை லேசாக உரசட்டும், "ச்செப்" வரும்போது இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிக்கட்டும். பழகியதும் மெதுவான பின்பியட் பதிவு ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ச்செப்பில் மட்டும் கையை மூடச் சொல்லுங்கள். முதலில் பாதிப் பேர் தவறான இடத்தில்தான் மூடுவார்கள். திருத்த வேண்டாம், திரும்பப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்க ஒரே நொடியில் கை மூடும். அப்படி மூடிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வேகம். ஒரே மெட்டை மூன்று அடுக்குகளில் வாசிக்கும் வழக்கம் உண்டு. ஓர் அடுக்கில் ச்சிங் ஒலிகள் நெருங்கி வரும், அடுத்ததில் இடைவெளி இரட்டிக்கும், மற்றொன்றில் இன்னும் விரியும். நடையில் செய்து பார்க்கலாம். ஒரு குழு மெதுவாக நடக்க, இன்னொரு குழு அதே நேரத்தில் இரண்டு மடங்கு அடி வைக்க, ச்செப் வரும்போது இரண்டு குழுவும் ஒன்றாக நிற்க வேண்டும்.

பின்பியட்டில் என்னென்ன கருவிகள்?

ரோனியத் ஏக்: படகு வடிவப் பெட்டியின் மேல் தொங்கும், கோலால் தட்டி வாசிக்கும் 21 மூங்கில் அல்லது மரக் கட்டைகள். ரோனியத் துங் இதைவிடத் தாழ்ந்த குரல், 16 கட்டைகள். கோங் வோங் என்பது பிரம்பு வட்டத்தில் கட்டிய 16 வெண்கலக் குமிழ்க் கிண்ணங்கள். வாசிப்பவர் வட்டத்தின் நடுவில் உட்காருவார். பெரியது 'தோம்', சிறியது 'தோச்'. ஸ்ரலாய் பனையோலைச் சீவாளி வைத்த ஊதுகருவி. மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வருவது இதுதான். ஸ்கோர் தோம் என்பது ஒரு ஜோடிப் பெரிய முரசுகள், கம்பால் அடிப்பார்கள். அப்புறம் ச்சிங்.

சம்போவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாங்கியில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் கையால் வாசிக்கும் மத்தளம் இது. வேகத்தை ஏற்றுவதும் இறக்குவதும் நிறுத்துவதும் சம்போக்காரர் கையில். சோற்றையும் சாம்பலையும் பிசைந்த பசையைத் தோலில் ஒட்டிச் சுருதி சேர்ப்பார்கள். குருமார்களின் ஆவிகளுக்கு இருப்பிடமாகக் கருதி இதற்குத்தான் முதல் மரியாதை. ஆகவே பிள்ளைகள் இதைத் தாண்டக் கூடாது, மேலே உட்காரக் கூடாது. முதல் நாளிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரு கருவி என்றால்தான் அதன் குரல் காதில் தங்கும்.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். மெட்டு யாரிடம் இருக்கிறது?

எல்லோரிடமும் இருக்கிறது, யாரிடமும் முழுதாக இல்லை. கெமர் இசையில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே இதுதான். கம்போடியாவில் பிறந்த இசை ஆய்வாளர் சாம்-ஆங் சாம் இதைக் கூட்டு மெட்டு என்று விளக்குகிறார். அடிப்படையான மெட்டு ஒன்று எல்லோர் மனதிலும் ஓடும். ஆனால் அதை யாரும் அப்படியே வாசிப்பதில்லை. கோங் வோங் தோம் முக்கிய ஸ்வரங்களைத் தொட்டுக்கொண்டு போகும். ரோனியத் ஏக் அதே வழியில் பொடி ஸ்வரங்களை நிரப்பிக்கொண்டு ஓடும். ரோனியத் துங் முன்னும் பின்னும் தாவி விளையாடும். ஸ்ரலாய் நீட்டி வளைத்துப் பாடும். ஒருவரை ஒருவர் பின்பற்றுவதும் இல்லை, ஒருவருக்கு மற்றவர் பக்கவாத்தியமும் இல்லை. ச்செப் வரும் இடத்தில் மட்டும் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் சந்திப்பார்கள்.

வகுப்பறைக்கு இது வரம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேர் வேகமாகப் பிடிப்பார்கள், ஐந்து பேர் சுமாராக, மீதிப் பேர் தடுமாறுவார்கள். தடுமாறும் பிள்ளைக்கு ச்செப் ஸ்வரத்தை மட்டும் கொடுங்கள், கோங் வோங் அதைத்தானே செய்கிறது! வேகமான பிள்ளை நடுவில் இட்டு நிரப்பட்டும். இரண்டு பேரும் உண்மையான வேலையைத்தான் செய்கிறார்கள். ஒருவருக்கு எளிய பகுதி, மற்றவருக்குக் கடினப் பகுதி என்று ஆறுதல் சொல்லும் ஏற்பாடு இல்லை இது. குழு இயங்குவதே இப்படித்தான்.

எட்டு தட்டுகளுக்கு ஒரு சின்ன மெட்டை வாயால் பாடி வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். எட்டாவது தட்டில் எல்லோரும் ஒரே ஸ்வரத்துக்கு வந்தாக வேண்டும், அதற்கு முன் அவரவர் விருப்பம். இரண்டாவது முறையே குழந்தைகள் தைரியமாகிவிடுவார்கள்.

கீபோர்டில் சொல்லித்தரலாமா?

மெட்டின் உருவத்தைக் காட்ட உதவும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்பியட்டின் ஏழு ஸ்வரங்கள் பியானோ சாவிகளோடு ஒத்துப் போகாது. கீபோர்டில் பழகிய காதுக்கு ரோனியத் சுருதி விலகியது போலத் தோன்றும். அது அதன் சொந்தச் சுருதி என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி, ரோனியத்தோடு சேர்ந்து பாட வைத்தால் காது பழகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரோனியத் கட்டைகளுக்கும் கோங் கிண்ணங்களுக்கும் அடிப்புறத்தில் மெழுகும் ஈயத்தூளும் கலந்த கட்டியை ஒட்டித்தான் சுருதி சேர்க்கிறார்கள். சுரண்டினால் சுருதி போய்விடும் என்பது ஒரு பக்கம். ஈயம் குழந்தைகள் கையில் படவே கூடாது என்பது இன்னும் முக்கியம். கருவியைத் திருப்பிப் பார்க்க விடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

எழுதி வைத்துப் படிக்க ஸ்வரக் குறிப்பு உண்டா?

மரபில் கிடையாது. குரு வாசிப்பார், மாணவர் பார்த்துத் திருப்பி வாசிப்பார், தேவைப்பட்டால் குரு பின்னால் உட்கார்ந்து மாணவரின் கையைப் பிடித்தே அடித்துக் காட்டுவார். பின்பியட் மாணவர் வழக்கமாக முதலில் கற்பது சாதுகார் என்ற வணக்க உருப்படி. சடங்குகளின் தொடக்கத்தில் வாசிப்பதும் அதையே. இப்போது எண்களிலோ மேற்கத்தியக் கோடுகளிலோ எழுதிச் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள். சிறுவர்களுக்குத் தாள் வேண்டாம் என்பது என் கருத்து. கண் தாளுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது நின்றுவிடும்.

குரு வணக்கச் சடங்கு கட்டாயமா? வேறு மதப் பிள்ளைகள் என்ன செய்வது?

சம்பியா க்ரு என்று பெயர். வியாழக்கிழமை குருவுக்கு உரிய நாள் என்பதால் பெரும்பாலும் அன்று நடக்கும். வாழைத்தண்டாலும் இலையாலும் செய்த படையல், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, பழம், வெற்றிலை வைத்து, இப்போது சொல்லித்தரும் குருவையும் அவருக்கு முன்பு இருந்த எல்லாக் குருமார்களையும் வணங்குவார்கள். கலைஞர்களுக்கு இது மேடை அலங்காரம் அல்ல. இதைச் செய்யாமல் வாசித்தால் கெடுதல் வரும் என்று நம்புகிறவர்கள் பலர்.

மாணவர்களை வணங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. மரியாதையாக உட்கார்ந்து பார்த்தாலே போதும். பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஆனால் 'நேரமில்லை' என்று சொல்லிச் சடங்கைச் சுருக்கச் சொல்லாதீர்கள். வந்த குரு அரை மணி நேரம் அதற்கு எடுத்துக்கொண்டால் அந்த அரை மணியும் பாடம்தான்.

1975 முதல் 1979 வரை நடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஏன் இவ்வளவு குறைவான முதிய குருமார்கள் இருக்கிறார்கள், ஏன் இளைஞர்கள் இவ்வளவு அவசரமாகக் கற்கிறார்கள் என்பது புரியாது. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படையினர் 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் நோம் பென்னைப் பிடித்தார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 15 முதல் 20 லட்சம் பேர் கொலை, பட்டினி, நோய், கடும் வேலை ஆகியவற்றால் இறந்தார்கள். கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை என்று கம்போடியாவில் பொதுவாகச் சொல்கிறார்கள். எழுத்தில் இல்லாத ஒரு இசைக்கு அதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குரு போனால் அவருக்கு மட்டுமே தெரிந்த உருப்படிகளும் போயின.

எட்டு வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கைகளும் சித்திரவதையும் வேண்டாம். "ஒரு காலத்தில் பழைய இசையை வாசிக்க விடாமல் செய்தார்கள், நிறைய ஆசிரியர்கள் இறந்துபோனார்கள், மிஞ்சியவர்கள் திரும்பச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்" என்றால் போதும். பதினொரு, பன்னிரண்டு வயதென்றால் ஆர்ன் சோர்ன்-போன்டின் கதையைச் சொல்லலாம். பத்தம்பாங்கில் நாடகக் கலைஞர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக முகாமில் இருந்தபோது, கெமர் ரூஜ் படையினருக்குப் புரட்சிப் பாட்டுகளைப் புல்லாங்குழலிலும் கிம் என்ற தந்திக் கருவியிலும் வாசித்துக் காட்டியதால் உயிர் தப்பினார். பின்பு அமெரிக்காவில் வளர்ந்து, திரும்பி வந்து, எஞ்சியிருந்த குருமார்களைத் தேடிப் போனார். 1998-ல் அவர் தொடங்கிய முயற்சிதான் பின்னர் 'கம்போடியன் லிவிங் ஆர்ட்ஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. குருவுக்குச் சம்பளம், மாணவருக்கு வகுப்பு என்ற எளிய ஏற்பாட்டில் அது ஓடத் தொடங்கியது.

உள்ளூர்ப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் தாத்தா பாட்டிகள் அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள். வீட்டில் யார் இறந்தார்கள் என்று வகுப்பில் கேட்கவே கூடாது.

சாபெய் பற்றிச் சொல்லுங்களேன். பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

கதை இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகுமா! சாபெய் டங் வெங் என்பது முழுப்பெயர். ஒருவர் தனியாக உட்கார்ந்து இரண்டு வரி பாடுவார், நடுவில் மீட்டுவார், மறுபடி பாடுவார். புத்தர் கதை, ஊர்ச் செய்தி, கிண்டல், அறிவுரை எல்லாம் வரும், பலதும் அந்த இடத்திலேயே கட்டிப் பாடியதாக இருக்கும். இரண்டு சாபெய்க் கலைஞர்கள் சேர்ந்துவிட்டால் ஒருவரை ஒருவர் மடக்கப் பார்ப்பார்கள். 2016-ல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது.

கோங் நாய் என்ற பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கம்போட் மாகாணத்துக்காரர், நான்கு வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர், கெமர் ரூஜ் காலத்தைக் கடந்து பிழைத்தவர். 2017-ல் ஆசியப் பண்பாட்டுக்கு ஜப்பானில் தரும் ஃபுகுவோக்கா பரிசு பெற்றார். 2021-ல் ராப் பாடகர் வான்டாவோடு அவர் சேர்ந்து பாடிய காணொளியால்தான் இன்றைய கம்போடிய இளைஞர்கள் பலர் சாபெய் ஒலியைக் கவனித்துக் கேட்டார்கள். 2024 ஜூனில் காலமானார். பெரிய பிள்ளைகளுக்கு அந்தக் காணொளியிலிருந்தே தொடங்கலாம், தவறில்லை.

வகுப்பில் செய்ய: ஒருவர் இரண்டு வரியில் இன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் மேசையில் தட்டி இடைவெளியை நிரப்ப வேண்டும். பிறகு அடுத்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வகுப்பில் போடக் கூடாத இசை உண்டா?

உண்டு. சாவு வீட்டு இசையைக் கருவியின் அழகுக்காகப் பின்னணியில் ஓட விடாதீர்கள். கம்போடியர் ஒருவர் அறைக்குள் வந்தால் திடுக்கிடுவார். ஆரக் இசையும் ஆவிகளை வரவழைக்க வாசிப்பது, விளையாட்டுக்கு அல்ல. இணையத்தில் கிடைக்கும் பதிவு எந்தச் சடங்குக்கு உரியது என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

கருவி வாங்கப் பணம் இல்லை. என்ன செய்ய?

ஒரு ஜோடி ச்சிங் வாங்க முடிந்தால் போதும், அதைவிட அவசியமானது எதுவும் இல்லை. அடுத்து க்லோய் என்ற மூங்கில் குழல். ஊதினால் உடனே ஒலி வரும் வகை என்பதால் பிள்ளைகள் சலிக்க மாட்டார்கள். மூங்கிலில் செய்த ஆங்குவொச் என்ற வாய்க்கருவியும் உண்டு, நம் மோர்சிங் இனம். சியம் ரீப் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்யும் கை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மரத்தின் இலையை உதட்டில் வைத்து ஊதுவதும் கெமர் மரபுதான்.

கருவியே இல்லாமல் ச்சோல் ச்சூங் விளையாடலாம். புத்தாண்டு நாட்களில் ஆடுவது. இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று, கட்டம் போட்ட க்ரமா துண்டை முடிச்சுப் போட்ட பந்தைப் பாடிக்கொண்டே வீசுவார்கள். அடி வாங்கிய அணி ஆட வேண்டும்.

நேரில் எங்கே கேட்கலாம்?

நோம் பென்னில் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே அரச நுண்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அருங்காட்சியக வளாகத்தில் கம்போடியன் லிவிங் ஆர்ட்ஸ் மாலை நிகழ்ச்சிகள் நடத்தி வந்திருக்கிறது, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்தம்பாங்கில் 1994 முதல் இயங்கும் ஃபார் பொன்லெய் செல்பாக் கலைப் பள்ளியில் இசையும் சர்க்கஸும் ஓவியமும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். உங்கள் மாணவர்கள் தங்கள் வயதுக்காரர்கள் வாசிப்பதைப் பார்ப்பது எந்த உரையைவிடவும் வேலை செய்யும்.

அங்கோர் பக்கம் போனால் பாயோன் கோயில் சுவரில் வில் போல வளைந்த நரம்புக் கருவிகளைத் தேடச் சொல்லுங்கள், பழைய யாழை அறிந்த நமக்கு உடனே கண்ணில் படும். வழக்கொழிந்த அந்தக் கருவியை இப்போது சிற்பங்களைப் பார்த்து மீண்டும் செய்திருக்கிறார்கள். தா ப்ரோம் போன்ற கோயில்களுக்குப் போகும் வழியில், கண்ணிவெடியில் கால் கை இழந்தவர்கள் குழுவாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பெரும்பாலான பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாணவர்களை உட்கார வைத்து ஒரு முழு உருப்படியைக் கேளுங்கள், பணமும் வையுங்கள்.

கலைஞர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால் எப்படி நடந்துகொள்வது?

ஆண் என்றால் "லோக் க்ரு", பெண் என்றால் "நெயக் க்ரு" என்று அழைக்க வேண்டும். கை கூப்பி வணங்கலாம், நம் பிள்ளைகளுக்கு இது பழக்கம்தான். கலைஞர் தரையில் பாயில் உட்கார்ந்தால் மாணவர்களும் தரையில் உட்காரட்டும். அவர் தலைக்கு மேல் யாரும் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் வைத்தால் பேச்சைக் குறைத்து வாசிப்புக்கு நேரம் கொடுங்கள். குழந்தைகள் கருவியைத் தொட வேண்டும் என்று நாம் ஆசைப்படுவோம், அவர் அனுமதி தராமல் யாரும் தொடக் கூடாது. எவ்வளவு பணம் என்பதை வரும் முன்பே பேசி முடிவு செய்து, போக்குவரத்துச் செலவையும் சேர்த்து, அன்றே உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுங்கள். "பிள்ளைகளுக்காகத்தானே, இலவசமாக வாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த இசையை வைத்துக் குடும்பம் நடத்த முடிந்தால்தான் அவர் மகனோ மகளோ அதைக் கற்க உட்காருவார்கள்.